எட்டாவது நடை

சந்திரம்மா அந்தப் புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, நகரி நெசவுத் தெருவே பார்த்துக்கொண்டிருக்க, எண்ணெய்க் கறை படிந்த ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைத் திருட்டுச் சாமான் மாதிரி தூக்கிக்கொண்டு நான்கு வீடு தாண்டி வர வேண்டிய தலையெழுத்து என் தங்கைக்கு வந்ததற்கு இரண்டு ஆண்பிள்ளைகள் காரணம். ஒருவன் அவள் புருஷன் எத்திராஜ். இன்னொருவன் நான்.

"ணா, வண்டி கியர் பொட்டியில எண்ணெ மாத்தறது எப்படின்னு இதுல கீதாம். பாத்துச் சொல்றியா?"

"யாரு கேக்கச் சொன்னது?"

"நாந்தான் கேக்கறேன்."

அவளுக்குப் பொய் சொல்ல வராது. கண்ணை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் எத்திராஜ் வீட்டுப் பக்கவாட்டு முற்றத்தில் வண்டியின் பின்பாதி தெரியும். இரண்டு பனந்துண்டுகளை முட்டுக்கொடுத்து நான்கு சக்கரங்களையும் தூக்கி வைத்திருந்தான். அடியிலிருந்து அவனுடைய கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

எனக்கும் அவனுக்கும் நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. அதற்காக இந்தத் தெருவில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பேச்சு நின்றுபோன வீடுகளில் நடுவில் ஒரு பெண்பிள்ளை இருந்தால் போதும், எல்லாக் காரியமும் நடந்துவிடும். என் மனைவி செத்துப்போன பிறகு இரண்டு வேளையும் குழம்பு சந்திரம்மா வீட்டிலிருந்துதான் வருகிறது. அதாவது எத்திராஜ் சம்பாதித்துப் போடும் அரிசி பருப்பைத் தின்றுகொண்டேதான் நான் அவன் முகத்தில் விழிக்காமல் இருக்கிறேன். இதில் வெட்கப்பட வேண்டியவன் நான்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததாலேயே அவன்மேல் வெறுப்பு இன்னும் கூடியது.

காரணம் இதுதான். ஐம்பத்தாறில் நகரியைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி நாங்கள் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் ரயிலை மறித்தோம். நான் எலிமென்டரி ஸ்கூல் வாத்தியார், வேலை போகலாம் என்று தெரிந்தும் தண்டவாளத்தில் படுத்தேன். அன்றைக்குப் பார்த்துப் போலீஸ் ஜீப் கிளம்பவில்லை. வாடகைக்கு வண்டி தேடினார்கள். இந்த வட்டாரத்திலேயே வாடகைக் கார் ஒன்றுதான், அது எத்திராஜுடையது. கூப்பிட்டதும் வந்து நின்றான். பின் சீட்டில் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். புத்தூர் வரைக்கும் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டு போனேன். கண்ணாடியில் ஒரு தடவையாவது என்னைப் பார்ப்பான் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. கியர் மாற்றும் குலுக்கல்கூட இல்லாத வண்டி அது. ஜெயிலுக்கு அத்தனை சொகுசாகப் போனவன் இந்தத் தாலுகாவில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

"வாடகைன்னா வாடகைதான் மே. உங்கண்ணனுக்குன்னு நா தனிச் சட்டம் வெச்சிக்க முடியுமா?" என்று வீட்டில் சொன்னானாம். மூன்று மாதம் கழித்து நான் திரும்பி வந்த அன்றைக்கே சந்திரம்மா இதை என்னிடம் ஒப்பித்தாள். சமாதானம் பண்ணுவதாக அவளுக்கு நினைப்பு.

சரி, இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. எல்லைக் கோடு போட்டாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை, ஏப்ரல் ஒன்றாம் தேதி, திருத்தணி சென்னைக்குப் போகிறது. சத்தியவேடு ஆந்திராவுக்கு வருகிறது. நகரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. தண்டவாளத்தில் படுத்த நான் ஆந்திராவில் உட்கார்ந்து தெலுங்குப் பரீட்சை எழுத வேண்டும், நாற்பத்தெட்டு வயதில். போலீசுக்கு வண்டி ஓட்டிய எத்திராஜ் திருத்தணிக்குக் குடிபோகிறான். அங்கே கோயில் அடிவாரத்தில் வாடகைக் கார் நிறுத்த ஒருவர் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முப்பத்தொன்றாம் தேதி வியாழக்கிழமைக்குள் வண்டியைச் சித்தூருக்கு ஓட்டிப் போய், பரிசோதனையில் காட்டி, அந்தப் பக்கம் மாற்றிக்கொள்ளக் காகிதம் வாங்கிவிட வேண்டும். வாங்கிவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் அவன் சென்னை ராஜ்யத்துக் குடிமகன். கூடவே சந்திரம்மாவும்.

வண்டியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மெட்ராஸில் ஒரு வெள்ளைக்காரரிடம் டிரைவராக இருந்தான் எத்திராஜ். அந்த மனிதர் ஊருக்குப் போகும்போது தன்னுடைய அமெரிக்கக் காரை இவனிடமே தள்ளிவிட்டுப் போனார். இடது பக்கம் ஸ்டியரிங். காலில் கிளட்ச் கிடையாது, கையில் கியர் போட வேண்டியதும் கிடையாது. ஒரு தடவை கைப்பிடியைத் தள்ளிவிட்டால் தானே மாற்றிக்கொள்ளும். மைல் காட்டும் எண் ஒரு லட்சத்தைத் தொட்டு, மறுபடி சைபரிலிருந்து ஆரம்பித்து, அதிலும் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தது. மாசி மாதத்திலிருந்து மேடு ஏறும்போதெல்லாம் வண்டிக்கு ஒரு நடுக்கம் வந்தது. கருகல் வாசனையும் அடித்தது. திருப்பதியில் நாகையா என்று ஒரு மெக்கானிக். அவனிடம் காட்டியபோது அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், "மார்ச்சொத்து எத்திராஜு, மாத்தாதே. லட்சம் மைலு ஓடின பொட்டி. உள்ள தேஞ்சுபோன தகடெல்லாம் அந்த அழுக்கப் புடிச்சிக்கினுதான் நிக்குது. புது எண்ணெ ஊத்தினா வழுக்கி உட்டுடும்" என்றானாம். எத்திராஜ் யார் சொல்லி எதைக் கேட்டிருக்கிறான்? நடுக்கத்தோடு வண்டியைச் சித்தூரில் கொண்டுபோய் நிறுத்தினால் காகிதம் கிடைக்காது என்று அவன் பயந்தான். மெட்ராஸிலிருந்து லாரிக்காரன் மூலமாக அந்த எண்ணெய் டின்களை வரவழைத்துவிட்டான். வண்டியோடு வந்த புத்தகம்தான் இங்கிலீஷில் இருந்தது.

அதனால் நான் தேவைப்பட்டேன். சொல்லவே கூசுகிறது, எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. நாலு வருஷமாக அவன் என்னிடம் எதற்கும் வந்து நிற்கமாட்டானா என்று காத்திருந்தேன்.

"இங்கயே உக்காந்து படிச்சிச் சொல்றேன். நீ போய்ச் சொல்லு. நா அவன் ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"நீ வரமாட்டேன்னு அவருக்கும் தெரியும்" என்றாள். அவன்தான் அனுப்பினான் என்பதை இப்படி ஒப்புக்கொண்டாள்.

முதல் நடையில், வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்றிவிட்டுத்தான் எண்ணெயை இறக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஏற்கெனவே முட்டுக்கொடுத்துத் தூக்கிவிட்ட வண்டி. அங்கிருந்து அவன் திட்டுவது என் ஜன்னல் வரைக்கும் கேட்டது. பனந்துண்டுகளை எடுத்து, வண்டியை இறக்கி, ஏகாம்பரகுப்பம் வரை போய்வந்து, மறுபடியும் தூக்கினான். நான் மோர் குடித்துக்கொண்டே பார்த்தேன். இரண்டாவது நடையில் எண்ணெய் இறக்கும் திருகு ஒன்றல்ல, இரண்டு என்று சொன்னேன். இது போய்ச் சேருவதற்குள் ஒன்றைத் திறந்து பாதி எண்ணெயை மட்டும் இறக்கிவிட்டு ஏமாந்துபோவான் என்று எதிர்பார்த்திருந்தேன், ஆனால் சந்திரம்மா ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் காலில் செருப்பு கிடையாது.

மூன்றாவது தடவை ஒரு கொட்டாங்கச்சியில் பழைய எண்ணெயைக் கொண்டுவந்தாள். "கலரு பாக்கச் சொன்னாரு. மோந்து பாரு. கருகலா இருந்தா இன்னா பண்றதுன்னு போட்டிருக்குதா?"

கட்டை விரலால் தொட்டு முகர்ந்தேன். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது புளிக்குழம்பு அடிப்பிடித்த மாதிரி இருந்தது. கருகல் வாசனை வந்தால் உள்ளே தகடுகள் தேய்ந்திருக்கலாம் என்று புத்தகத்தில் இருந்தது. அதைச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. நாலாவது நடையில் அடித்தட்டின் போல்ட்டுகளை எப்படிக் கழற்றுவது என்று கேட்டுக்கொண்டு போனாள். ஒரே பக்கமாகக் கழற்றாமல் எதிர் எதிராகக் கழற்ற வேண்டும். விரலை மடக்கி மடக்கி மனப்பாடம் செய்தபடியே தெருவில் நடந்தாள். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு மேல் அவளை அனுப்பவில்லை. அனுப்ப வேண்டாம் என்று நைனாவிடம் சொன்னவன் நான்தான்.

ஐந்தாவது தடவை வரும்போது அவள் கக்கத்தில் ஒரு பெரிய மூட்டை இருந்தது. தறிக்காரர் வீட்டில் வாங்கிய வேஸ்ட்டு நூல். பச்சை, ஊதா, சிவப்பு, மஞ்சள் என்று தறியிலிருந்து அறுத்துப்போட்ட இழைகளெல்லாம் சுருண்டு கிடந்தன. எங்கள் ஊரில் சைக்கிள் கடைக்காரனிலிருந்து ரைஸ்மில் ஃபோர்மேன் வரைக்கும் எல்லாரும் இதைக்கொண்டுதான் துடைப்பார்கள். எண்ணெயை அப்படியே குடிக்கும், காசும் கிடையாது. வேறு எதைக்கொண்டாவது துடைக்கலாம் என்று நகரியில் பிறந்த ஒருத்தனுக்கும் தோன்றாது.

"தட்டக் கழட்டிட்டாரு. உள்ள ஒரு சல்லட இருக்குது. அத்த எப்பிடிக் கழுவறதுன்னு கேக்கறாரு."

படித்தேன். சல்லடையையும் தட்டையும் சுத்தமான பெட்ரோலில் கழுவ வேண்டும். அதுவரை சரி. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. நூல் பிரியும் துணியாலோ பஞ்சாலோ உள்பாகங்களைத் துடைக்கவே கூடாது, காற்றிலேயே உலர விட வேண்டும், ஓர் இழை உள்ளே போனாலும் எண்ணெய் ஓடும் நுண்துளைகள் அடைபட்டு வண்டி இழுக்காமல் போகும்.

அந்த வரியின்மேல் என் கட்டை விரல் இருந்தது. மறைப்பதற்காக வைத்தேனா, படிப்பதற்காக வைத்தேனா என்று பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்தேன். சந்திரம்மா எதிரில் நின்றாள். நெற்றியில் வியர்வை வழிந்து குங்குமம் கரைந்திருந்தது. அவள் கக்கத்தில் அந்த மூட்டை. வியாழக்கிழமை சித்தூர், வெள்ளிக்கிழமை திருத்தணி. சனிக்கிழமையிலிருந்து என் வாசலில் யார் குழம்புக் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள்? அந்த நிமிஷத்தில் நான் எல்லையையும் நினைக்கவில்லை, ஜெயிலையும் நினைக்கவில்லை. குழம்புக் கிண்ணத்தைத்தான் நினைத்தேன்.

"பெட்ரோல்ல கழுவச் சொல்லு."

"கழுவிட்டு?"

"கழுவிட்டு மாட்டச் சொல்லு."

"வேற ஒண்ணும் போடலியா?"

"இல்ல. அவ்ளோதான்."

அவள் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூட்டையை அவன் கால்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு கருப்புக் கை வெளியே வந்து ஒரு பிடி நூலை அள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று.

ஆறாவது நடை, எத்தனை டின் ஊற்றுவது என்பதற்கு. ஏழாவது, அளவுக் கம்பியை எஞ்சின் ஓடும்போது பார்ப்பதா, நிறுத்திவிட்டுப் பார்ப்பதா என்பதற்கு. இதை நான் ஆறாவதிலேயே சொல்லியிருந்தேன். பாதி வழியில் மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். "எனக்கு மண்டையில நிக்கவே மாட்டேங்குது ணா" என்று சிரித்தாள். ஓட விட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று மறுபடி சொன்னேன். புத்தகத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

மதியம் வண்டி தெருவில் போயிற்று. நடுக்கம் இல்லை, சத்தமும் இல்லை. எத்திராஜ் ஸ்டியரிங் பிடித்தபடி ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டிருந்தான். என் வீட்டைத் தாண்டும்போது வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தான். அன்றைக்கு வந்த குழம்பு கறிக்குழம்பு. வண்டி ஓடியதில் நான் கொஞ்சம் ஏமாந்துதான் போனேன்.

திங்கட்கிழமை விடியலில் புத்தூரிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருமலைக்குப் போனான். செவ்வாய்க்கிழமை மதியம், ஒரு லாரியின் பின்னால் தாம்புக் கயிற்றில் கட்டி வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அலிபிரியில் மலைப்பாதை ஏற ஆரம்பித்து ஒரு மைல்கூடப் போகவில்லையாம். எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. பின்னாலேயே வழுக்கியது. வண்டியில் இருந்த ஒரு கிழவர் கீழே குதித்துச் சக்கரத்துக்குக் கல்லை வைத்திருக்கிறார். பயணிகள் வாடகையும் தரவில்லை, சாபமும் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

தெரு முழுக்க நாகையாவின் பெயர்தான். நாகையா அன்றைக்கே சொன்னானே, லட்சம் மைல் ஓடின பெட்டியில் கை வைக்கலாமா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எத்திராஜ் வண்டியை முற்றத்துக்குள் தள்ளினான். நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெரிய நிம்மதி. அந்தப் பெட்டி எப்படியும் போகத்தான் போகிறது, என் விரலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமை காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சந்திரம்மா வந்தாள். கையில் குழம்புக் கிண்ணம் இல்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போன ஒரு நூல் பந்து. நகத்தால் பிரித்தபோது உள்ளே பச்சையும் சிவப்பும் தெரிந்தன.

"மறுபடி தட்டக் கழட்டினாரு. சல்லட பூரா இதான் ஒட்டிக்கினு கீது. உள்ள ஓட்டையில எல்லாம் பூந்துகினு கீதாம். அதான் இழுக்கலியாம்." உள்ளங்கையை மூடிக்கொண்டாள். "ணா, அன்னிக்கு நீ இதப் பத்திச் சொன்னியா? தொடைக்காதேன்னு எதாவது சொல்லி, நா வழியில மறந்துட்டேனா? ஏழு வாட்டி வந்தேன். ஒவ்வொண்ணா எண்ணிப் பாக்கறேன். அஞ்சாவதுல எதோ உட்டுட்டாப்புல கீது."

நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். பொத்தான் ஓட்டைக்குள் போகவில்லை.

"ஞாபகம் இல்ல சந்திரா."

"நாந்தான் உட்டிருப்பேன்" என்றாள். "மூட்டையத் தூக்கிக்கினு போனதும் நாந்தானே." அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. கணக்கு சரியாகிவிட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, "நூலு வேணாவாம். பழைய வேட்டி எதுனா இருந்தாக் குடு. எல்லாத்தையும் கழுவி நல்லாத் தொடச்சி இன்னிக்கே மாட்டிடறேன்றாரு" என்றாள்.

கொடியில் ஒரு வேட்டி கிடந்தது. துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி, தொட்டாலே இழை கையோடு வரும். அதை எடுத்து அவளிடம் கொடுத்தேன். என் கைதான் கொடுத்தது. அவள் அதை நாலாக மடித்துக்கொண்டு போனாள்.

நான் ஸ்கூலுக்குப் போகவில்லை. அங்கே அவன் குரல் உயர்ந்தது. எத்திராஜ் சந்திரம்மாவைப் பார்த்துக் கத்துகிற ஆள் இல்லை.

"அஞ்சாவது வாட்டி போனியே, அங்க இன்னா மே பேசிக்கினு இருந்தே? உங்கண்ணன் ஒண்ணு சொன்னா அத்த முழுசாக் கொண்டாந்து சேக்கத் தெரியாதா உனுக்கு? புஸ்தகத்துல இதப் போடாமயா இருப்பான்? படிச்சவன் சொல்லித்தான் இருப்பான். நீ உட்டுட்டே."

படிச்சவன் சொல்லித்தான் இருப்பான். நாலு வருஷமாக என்னை ஏறிட்டுப் பார்க்காதவன், என் முதுகுக்குப் பின்னால் என்னை நம்புகிறான். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவன் குரல் மறுபடி கேட்டது, இந்தத் தடவை கொஞ்சம் தணிந்து. "வண்டி நாளைக்கு ஓடலன்னா நா ஒண்டியாத் திருத்தணி போறேன். எவன் கிட்டயாவது டிரைவரா நின்னுக்கறேன். உன்ன இட்டுக்கினு போயி எங்க வெக்கறது? நீ உங்கண்ணன் ஊட்டுலயே கெட."

பக்கத்து வீட்டுத் தறி நின்றது. அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இனி இந்தத் தெருவில் நாகையாவின் பேச்சு எடுபடாது. மூளை கெட்ட பொம்பளை ஒருத்தி புருஷன் பிழைப்பில் மண்ணைப் போட்டாள் என்றுதான் பேசுவார்கள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவள் இங்கேயே இருக்கப் போகிறாள். சனிக்கிழமையும் குழம்பு வரும், அதற்கு மறுநாளும் வரும். அந்தக் குழம்பை எப்படி வாயில் வைப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

புத்தகம் மேஜைமேல் தெலுங்குப் பாடப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. பிரித்தேன். தேட வேண்டிய வேலையே இல்லை. அந்தப் பக்கத்தில், தடித்த எழுத்து வரியின்மேல், என் கட்டை விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. கொட்டாங்கச்சி எண்ணெய். ரேகையின் சுழி சுழியான கோடுகளுக்கு நடுவில் எழுத்துக்கள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. அடுத்த பக்கத்தைப் படித்தேன். நூல் புகுந்துவிட்டால் என்ன செய்வது என்று அதிலேயே இருந்தது. துளைகளைப் பெட்ரோல் பீச்சிக் கழுவ வேண்டும், சைக்கிள் பம்பால் காற்று அடித்தால்கூடப் போதும், துணி மட்டும் எங்கும் படக் கூடாது. அவன் அப்படிச் செய்தால் சாயங்காலத்துக்குள் வண்டி ஓடலாம். தகடுகள் தேய்ந்திருந்தால் ஓடாமலும் போகலாம். அங்கே சந்திரம்மா என் வேட்டியை உதறிக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். நான்கு வீடுகள். இந்தத் தூரத்தைத்தான் அவள் அன்றைக்கு ஏழு தடவை வெறுங்காலோடு நடந்தாள். தறிக்காரர் ஜன்னலில் இரண்டு முகங்கள் எட்டிப் பார்த்தன. எத்திராஜ் முற்றத்துப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். நாலு வருஷத்தில் அங்கே, என் ஜன்னலுக்கு எட்டாத மூலையில், ஒரு முருங்கை மரம் வளர்ந்திருந்தது. அது எனக்குத் தெரியாது.

அவன் வண்டிக்கு அடியில் இருந்தான். கால்கள்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, பித்த வெடிப்புள்ள குதிகால்கள். சந்திரம்மா தட்டையும் சல்லடையையும் பெட்ரோலில் கழுவி ஒரு முறத்தில் வைத்திருந்தாள். ஈரம் மினுங்கியது. வேட்டி அவள் கையில் இருந்தது.

"அத்தக் கீழ போடு" என்றேன்.

என்னைப் பார்த்தாள். அழுது முடித்த முகம். நான் எப்படி உள்ளே வந்தேன் என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. கால்கள் லேசாக அசைந்தன. நான் வந்திருப்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"சந்திரா, நா சொல்றத அப்பிடியே அவருகிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தேன். நாலு வருஷப் பழக்கம், வேறு விதமாக ஆரம்பிக்க வாய் வரவில்லை. "அன்னிக்கு அஞ்சாவது வாட்டி..."

"நா சொல்ல மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. வேட்டியை முறத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என் வாயால போய்ச் சொன்னதெல்லாம் போதும் ணா. அவரு இங்கதான் கீறாரு. நீயும் இங்கதான் கீறே."

சொல்லிவிட்டு இரண்டு அடி பின்னால் போய் முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டாள். எனக்கும் அந்தக் கால்களுக்கும் நடுவில் யாரும் இல்லை. நான் என்ன சொல்ல வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதா? என்னைப் பார்க்காமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கட்டை விரல் மறுபடியும் அந்தப் பக்கத்துக்குள் செருகியிருந்தது.

மண்ணில் குந்தி உட்கார்ந்தேன். முட்டி மளுக்கென்றது. வண்டிக்கு அடியில் இருட்டாக இருந்தது, பெட்ரோல் நெடி அடித்தது. திறந்து கிடந்த பெட்டியிலிருந்து எண்ணெய் ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு என்று தகர டின்னில் விழுந்துகொண்டிருந்தது. அவனை நான் கூப்பிடும் பெயர் ஒன்று உண்டு. கல்யாணத்தன்று பந்தலில் முதன்முதலாகக் கூப்பிட்டது. பின் சீட்டில் கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோதும் அந்தப் பெயரைத்தான் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் கண்ணாடியில் பார்த்திருப்பானோ என்னவோ.

"மாப்ளே" என்றேன்.

கால்களின் அசைவு நின்றது. இன்னொரு சொட்டு டின்னில் விழுந்தது. வண்டிக்கு அடியிலிருந்து அவன் கை வெளியே வந்தது. ஸ்பேனர் கேட்கும்போது நீட்டுகிற மாதிரி, முழங்கை வரைக்கும் கறுப்பாக, உள்ளங்கையை மேலே விரித்துக்கொண்டு. சந்திரம்மா எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் புத்தகத்தை, விரலை எடுக்காமல், ரேகை பதிந்த பக்கத்தில் விரித்தேன்.